டால்ஃபின்எக்ஸ், பேசிக்ஸ்: எந்த எண் எந்தச் சார்புக்கு?

பரப்பைச் சிறு செல்களாகப் பிரித்து (அந்த வலைதான் மெஷ்) வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருள், ஃபீனிக்ஸ் திட்டத்தின் டால்ஃபின்எக்ஸ். அதில் சமன்பாட்டை எழுதுவது சுலபம். விடை வெக்டரைத் திறந்து எந்த எண் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடும்போதுதான் தலைவலி. ஒவ்வொரு செல்லிலும் விடையைக் கட்டும் அடிச்சார்புகளை உருவாக்கித் தருவது இதனுள் இருக்கும் பேசிக்ஸ் நூலகம்.

ஒரு செல்லுக்குள் பேசிக்ஸ் நேர்த்தியானது. முதலில் முனைகள், பிறகு விளிம்புகள், கடைசியில் உட்புறம். இரண்டாம் படி லக்ராஞ்சு முக்கோணத்தில் (இவ்வகையில் ஒவ்வொரு சார்பும் ஒரு புள்ளியிலுள்ள மதிப்புக்கு உரியது) 0, 1, 2 ஆகியவை (0,0), (1,0), (0,1) முனைகளுக்கு உரியவை. காலை வாருவது விளிம்புதான்: 0-ஆம் விளிம்பு 0-ஆம் முனைக்கு எதிரே இருக்கிறது. ஆகவே 3-ஆம் சார்பு (0.5, 0.5)-இலும், 4 (0, 0.5)-இலும், 5 (0.5, 0)-இலும் அமைகின்றன. விடையைப் படமாகக் காட்டும் வி.டி.கே.யும் மெஷ் உருவாக்கும் ஜிமெஷ்ஷும் 0–1 விளிம்பில் தொடங்கிச் சுற்றுகின்றன. அந்த வரிசைக்கு பேசிக்ஸ் எண்களை 0, 1, 2, 5, 3, 4 என்று எடுக்க வேண்டும். நான்கு முனை நாற்கரத்துக்கு 0, 1, 3, 2. இதை விட்டால் நாற்கரம் பட்டாம்பூச்சியாக முறுக்கிக்கொண்டு, ஜக்கோபியனின் (குறிப்புச் செல்லை உண்மைச் செல்லாக மாற்றும்போது பரப்பு மாறும் விகிதம்) குறி செல்லுக்குள்ளேயே மாறிவிடும். உடன் வரும் ஜிமெஷ் ரீடர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். மெஷ்ஷைக் கையால் கட்டுபவர்களுக்குத்தான் இந்த வேலை.

மூன்றாம் படியில் விளிம்புக்கு இரண்டு புள்ளிகள். அடுத்தடுத்த செல்கள் ஒரே விளிம்பை எதிரெதிர்த் திசையில் பார்த்தாலும் பேசிக்ஸ் அதைச் சரிக்கட்டிவிடுகிறது, இது பெரிய நிம்மதி. ஆனால் யு.எஃப்.எல். (சமன்பாட்டை எழுதும் மொழி) வழியாகக் கேட்டால் புள்ளிகள் 1/3, 2/3-இல் வராது. இயல்பாக வரும் வகையில் அவை விளிம்பின் 0.276, 0.724-இல் இருக்கும். சம இடைவெளி வேண்டுமென்றால் வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

ஆனால் முழு மெஷ் அளவிலான எண் வரிசையை நம்பவே நம்பாதீர்கள். மேட்ரிக்ஸில் அண்டையர் பக்கத்தில் இருக்கும்படி மறுவரிசை நடக்கிறது. முதல் படியில்கூட 7-ஆம் முனை 7-ஆம் டிஓஎஃப் (விடை வெக்டரில் உள்ள ஓர் எண்ணின் இடம்) ஆக வேண்டியதில்லை. ஒவ்வொரு செல்லுக்கும் டிஓஎஃப் மேப்பிடம் கேட்பதே வழி. திசையன் வெளியில் அது தருவது பிளாக் எண், அதாவது ஒரே இடத்தின் எல்லாக் கூறுகளுக்கும் பொதுவான எண். இரு பரிமாணத்தில் 2-ஆல் பெருக்கிக் கூறின் எண்ணைக் கூட்ட வேண்டும். பலர் இந்தப் பெருக்கலை விட்டுவிட்டு எல்லை நிபந்தனையைக் குறை சொல்கிறார்கள். இணையாக ஓட்டும்போது கிடைப்பது அந்தப் பிராசஸின் எண். சொந்தமானவை முதலில், கோஸ்ட் (வேறு பிராசஸுக்குச் சொந்தமானவற்றின் நகல்) பின்னால்.

ஆவணத்தில் இவையெல்லாம் சிதறிக் கிடக்கின்றன. டெஃப்எலிமென்ட் தளம் ஒவ்வொரு சார்பையும் எண்ணோடு வரைந்து காட்டுகிறது, அதைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்யலாம். லக்ராஞ்சில் சந்தேகம் வந்தால் ஒரே முக்கோணம் கொண்ட மெஷ்ஷில் டிஓஎஃப் ஆயங்களை அச்சிட்டுப் பாருங்கள். நெடெலெக் போன்ற வேறு வகை எலிமென்ட்களுக்கு அது உதவாது, அங்கே டிஓஎஃப் புள்ளி மதிப்பே அல்ல.