ரிவெட் தெரியாத எலிவேஷன்: ஒரே ஒரு பேனலை மாற்றிய பிறகு

பெங்களூர் சர்ஜாபூர் ரோட்டில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "ஃபைபர் சிமெண்ட் ஷீட்டுக்கு வெளியே ரிவெட் தெரியாத ஃபிக்ஸிங்னு சொல்றாங்களே, போடலாமா? உங்க வீட்டுல எப்படி இருக்கு?" அப்போதுதான் எங்கள் அல்சூர் வீட்டு முகப்பில் அதே முறையில் மாட்டிய ஒரு பேனலை மாற்றி முடித்துச் சாரத்தை இறக்கியிருந்தார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. முன்பு வெறும் பூச்சுச் சுவராக இருந்தபோது ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் மேற்குப் பக்க அறையில் ஓதம் ஏறும், பெயிண்ட் பொருக்கு விடும். சுவருக்கு மேல் இந்த ஷீட்டைப் பேனல் பேனலாகப் போர்த்திய பிறகு, அதாவது கிளாடிங் போட்ட பிறகு, அந்தத் தொல்லை அறவே இல்லை. பேனலுக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி இருக்கிறது. பேனல்களுக்கு இடையே உள்ள இணைப்பு வழியாக உள்ளே வரும் கொஞ்ச நீரும் பேனலின் பின்பக்கமாகவே வழிந்து கீழே போய்விடுகிறது. சாயங்கால வெயிலில் சுவரும் முன்போல் கொதிப்பதில்லை. சரி, இதெல்லாம் ரிவெட் அடித்தாலும் கிடைக்கும். ஆனால் அழகு? ஆணியோ திருகோ ஒன்றுகூடக் கண்ணில் படாமல் முகப்பு முழுக்க ஒரே கல்லாக நிற்கிறது. இன்றைக்கும் தெருமுனையிலிருந்து பார்த்தால் மனசு நிறைகிறது.

இதன் வேலைப்பாடும் மெச்சத் தக்கது. 12 மி.மீ. ஷீட்டின் பின்பக்கம், முன்பக்கம் வரை போகாமல், பாதி ஆழத்துக்குத் துளை போடுகிறார்கள். துளையின் அடியை மட்டும் கொஞ்சம் அகலமாகக் கடைவார்கள். அதற்குள் ஆங்கர் என்கிற உலோகப் பிடிப்பை விட்டுத் திருகினால் விரிந்து கவ்விக்கொள்ளும். ஆங்கரில் அலுமினியக் கொக்கி, சுவரில் படுக்கைவசமாக ரெயில். சாமி படம் மாட்டுவது போலப் பேனலைத் தூக்கி மாட்ட வேண்டியதுதான். ஒரு கொக்கியை மட்டும் நகராமல் பூட்டிவிட்டு மற்றதை ரெயிலில் நழுவ விடுகிறார்கள். அலுமினியம் மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும், 0.024 மி.மீ. நீளும். 3 மீட்டர் ரெயில் 30 டிகிரி சூடேறினால் 2 மி.மீ.க்கு மேல். ஷீட்டும் ஈரத்துக்கு உப்பும், காய்ந்தால் சுருங்கும். எல்லாப் பக்கமும் இறுக்கிப் பிடித்தால் விரிசல்தான்.

இத்தனை யோசித்தவர்கள் கழற்றுவதை யோசிக்கவில்லை. என் கோபமெல்லாம் அதில்தான்.

ஏசி மாட்ட வந்த பையன் பிராக்கெட்டுக்காக ஹேமர் டிரில்லை வைத்து அழுத்தினான். பின்னால் வெற்றிடம். துளையிலிருந்து ஓரம் வரை பேனல் பிளந்துவிட்டது. அவனைக் குறை சொல்ல முடியாது. பார்க்க கான்கிரீட் சுவர் மாதிரியே இருந்தால் யார்தான் டிரில் வைக்க மாட்டார்கள்? ஒரு பேனல்தானே, அரை நாள் வேலை என்று நினைத்தோம். சூப்பர்வைசர் வந்தார், கிருஷ்ணகிரிக்காரர். மேல் இணைப்பில் ஸ்டீல் ஸ்கேலை நுழைத்துப் பார்த்தார். "எட்டு மில்லிதான் சார் விட்டிருக்காங்க. கொக்கி ரெயிலை விட்டு வரணும்னா பேனலை அதுக்கு மேல தூக்கணும். மேல இருக்கறது எல்லாத்தையும் எறக்கினாத்தான் இது வரும்" என்றார்.

அப்படியே நடந்தது. மாடிக் கைப்பிடிச்சுவரின் மேல் தகட்டில் ஆரம்பித்து வரிசையாக இறக்கினார்கள். ஒவ்வொன்றும் 40 கிலோ அளவுக்குக் கனம். நல்ல பேனல் எதற்கும் மூலை உடையக்கூடாதே என்று கீழே நின்றபடி பதறிக்கொண்டிருந்தேன். ரிவெட்டாக இருந்தால் அதன் தலையைத் துளைத்தெடுத்துவிட்டு உடைந்த ஒன்றை மட்டும் மாற்றியிருப்பார்கள். போதாததற்கு, புதுப் பேனலில் ஆங்கர் துளை எங்கெங்கே வர வேண்டும் என்கிற வரைபடத்தை முதலில் வேலை செய்த ஒப்பந்தக்காரர் தரவே இல்லை. உடைந்த துண்டுகளைத் தரையில் சேர்த்து வைத்து அளவெடுத்துத்தான் பட்டறைக்கு அனுப்பினோம். நிறமும் ஒரு சாயல் வெளுப்பு.

பசையில் ஒட்டலாமே என்று நண்பர் கேட்டார். பசைக்குச் சுவர்ப்பக்கச் சட்டமும் ஷீட்டும் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும், பிரைமர் பூச வேண்டும். பெங்களூர் மழையில் தினமும் அதற்கு யார் காவல் நிற்பது? கழற்றவும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆக, போடலாமா என்றால் இன்றைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேன் என்று தெரியும். ஷீட்டின் நிறத்தோடு சேர்ந்த நாலு ரிவெட் கண்ணில் பட்டால் பரவாயில்லை. இல்லை, அந்த அழகுதான் வேண்டும் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு, நடுவில் இருக்கும் பேனல் ஒன்றை மாட்டி, மேலே இருப்பதைத் தொடாமல் அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். துளை வரைபடத்தைக் கையில் வாங்குங்கள். அதே லாட்டில் இரண்டு பேனல் கூடுதலாக எடுத்து மாடிப்படிக்கு அடியில் போட்டுவையுங்கள்.