பிரஸ்-ஆன் நகம்: பார்லரில் சேர்த்தால் கட்டுமா?

முன்பே வரைந்து வைத்து, வேண்டும்போது ஒட்டிக் கழற்றும் செயற்கை நகம்தான் பிரஸ்-ஆன். கல்யாண ஆர்டர் எடுக்கும் நகக் கலைஞர் பிரஸ்-ஆன் செட்டைத் தாராளமாகத் தொழிலில் சேர்க்கலாம். தெருவோடு வந்து போகிற வாடிக்கையாளர்களை மட்டும் நம்பியிருக்கும் சின்ன பார்லருக்கு அது அவ்வளவாகக் கட்டாது. ஒரே சேவைக்கு ஏன் இரண்டு பதில் என்பது கணக்குப் போட்டால் புரியும்.

வாடிக்கையாளரின் நகத்தின் மேலேயே ஜெல்லால் நீட்டிக் கட்டும் ஜெல் எக்ஸ்டென்ஷனுக்கு ₹2,000 வாங்குகிறீர்கள், இரண்டரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ₹800. அதே டிசைனில் பிரஸ்-ஆன் செட் ₹1,200. அளவெடுக்க 15 நிமிடம், ஒட்ட 30 நிமிடம், இடையில் டிப்புகளை, அதாவது ஆயத்த பிளாஸ்டிக் நகங்களை, உட்கார்ந்து வரைய 75 நிமிடம். மொத்தம் இரண்டு மணி நேரம், மணிக்கு ₹600. இப்படிப் பார்த்தால் நஷ்டம்தான். ஆனால் வாடிக்கையாளர் உங்கள் நாற்காலியில் உட்காரும் நேரம் வெறும் 45 நிமிடம். அந்த நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் மணிக்கு ₹1,600. முகூர்த்த நாளில் நாற்காலி காலியாக இருப்பதில்லை, வருகிற பெண்ணைத்தான் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. அங்கே இது இரட்டிப்பு வருமானம். நாற்காலி எப்போதும் காலியாகக் கிடக்கும் கடையில் எக்ஸ்டென்ஷன் கேட்டு வந்தவருக்கு பிரஸ்-ஆன் ஒட்டி அனுப்பினால் கைக்கு வந்த காசைக் குறைத்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான். நகம் வளர்ந்த இடைவெளியை நிரப்பும் ரீஃபில்லுக்கு இரண்டு மூன்று வாரத்தில் அவர் திரும்பி வருவதும் நின்றுவிடும். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

தமிழ்நாட்டில் இன்னொரு வசதி, ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அந்த மாதங்களில் வரைந்து வைத்த செட் ஆவணியிலும் தையிலும் விற்கும். ஜெல் பூசிய டிப் டப்பாவுக்குள் கெடுவதில்லை. வெயில் படாமலும் ஒன்றோடொன்று உரசாமலும் வைத்தால் போதும்.

பொருளில் முதலில் தடுமாறுவது டிப் பெட்டியில்தான். கடையில் கிடைக்கும் 500 டிப் பெட்டியில் 0 முதல் 9 வரை பத்து அளவு, அளவுக்கு 50. பத்து விரலுக்குப் பத்து டிப், ஆக 50 செட் வரும் என்று தோன்றும். வராது. பல பெண்களுக்கு ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் ஒரே அளவு. இரண்டு கைக்கும் சேர்த்து அந்த ஒரு அளவிலேயே நான்கு டிப் போய்விடும். அப்படி வருகிற பன்னிரண்டாவது வாடிக்கையாளரோடு அந்த அறை ஏறத்தாழ காலி, 0-வும் 9-ம் அப்படியே கிடக்கும். ஒரு பெட்டி வாங்கிய பிறகு 3, 4, 5, 6 அளவுகளைத் தனிப் பாக்கெட்டாக வாங்குவதுதான் சரி. அதுவும் அதே பிராண்ட், அதே வடிவத்தில். ஒரு பிராண்டின் 5 இன்னொன்றின் 5-ஆக இருக்காது.

அளவெடுப்பதற்குத்தான் காசு என்று சொல்வேன். பெண் நேரில் வந்தால் எண் போட்ட பத்து டிப்பையும் விரல் விரலாக வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு கையையும் பாருங்கள், வலது கட்டை விரல் பெரும்பாலும் ஒரு அளவு பெரிது. டிப்பின் இரண்டு ஓரமும் நகத்தின் பக்கவாட்டு மடிப்பில் சரியாக உட்கார வேண்டும், அழுத்தாமலே உட்கார வேண்டும். அழுத்தினால்தான் சேர்கிறது என்றால் டிப் சின்னது. விரலை எடுத்ததும் அது பழைய வளைவுக்குத் திரும்ப முயன்று ஓரத்திலிருந்து கிளம்பும். பெரிதாக இருந்து தோல் மேல் ஏறினாலும் தலைமுடியில் மாட்டி இழுத்துக்கொண்டு வரும். இரண்டு அளவுக்கும் நடுவில் நின்றால் பெரியதை எடுத்து ஓரத்தை 180 கிரிட் ஃபைலால் தேய்த்துக் குறையுங்கள். வெளியூர் ஆர்டருக்கு நாணயத்தை விரல் பக்கத்தில் வைத்து போட்டோ கேட்கும் பழக்கம் இருக்கிறது. போட்டோவில் நகத்தின் வளைவு தெரியாது, எப்போதும் அளவு குறைவாகவே வரும். செல்லோடேப்பை நகத்தின் குறுக்கே வளைத்து ஒட்டி, இரண்டு ஓரத்தையும் பேனாவால் குறித்து, பிரித்து அளவுகோலில் வைத்து மில்லிமீட்டரில் அனுப்பச் சொல்லுங்கள். பத்து விரலுக்கும் ஐந்து நிமிட வேலை.

வரையும்போது ஒரு சங்கதி கவனிக்க வேண்டும். ஜெல் லேம்ப்பில் இறுகும்போது சுருங்கும். மெல்லிய டிப் மேல் பேஸ், இரண்டு கலர், டாப் கோட் என்று தடிமனாகப் போட்டால் டிப்பையே உள்ளே இழுத்து வளைத்துவிடும். அளவெடுத்தபோது சரியாக இருந்த 4, முடிந்த பிறகு அரை அளவு குறுகி நிற்கும். ஒவ்வொரு கோட்டையும் மெல்லிசாகப் போட்டு, டிப்பை அதன் உள்வளைவுக்கு ஏற்ற ஸ்டாண்டில் புட்டியால் (களிமண் போன்ற ஒட்டுப் பசை) பதித்து, லேம்ப் கம்பெனி சொன்ன நேரம் முழுவதும் வைத்து எடுங்கள். டிப்பின் பளபளப்பை முதலில் பஃப் செய்து எடுக்காவிட்டால் ஜெல் தகடு தகடாக உரிந்து வரும். க்யூட்டிகிள் (நகத்தின் அடியோரத் தோல்) பக்க விளிம்பையும் உள்ளிருந்து தேய்த்து மெல்லிசாக்குங்கள். அந்தத் தடித்த விளிம்புதான் பிரஸ்-ஆனைப் பார்த்ததும் ஒட்டு நகம் என்று காட்டிக்கொடுக்கிறது. தலைமுடி போய் மாட்டுவதும் அங்கேதான்.

கைக்கு வருவதற்கு முன்பே ஜெல் முழுதாக இறுகிவிடுவது இந்தச் சேவையின் பெரிய நன்மை. ஈர ஜெல் தோலில் பட்டுப் பட்டு வருவதுதான் ஜெல் அலர்ஜிக்கு முக்கியக் காரணம், வாடிக்கையாளருக்கு அந்த ஆபத்து இதில் இல்லாத அளவுக்குக் குறைகிறது. வரைகிற உங்களுக்கு அப்படியே இருக்கிறது, அதனால் நைட்ரைல் கையுறை கட்டாயம். ஜெல் வாங்கும்போது லேபிளையும் படியுங்கள். லேம்ப் வெளிச்சத்தில் ஜெல்லை இறுக வைக்கும் டிபிஓ (TPO) என்ற ஒளித்தூண்டி சேர்ந்த அழகுசாதனங்களை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்துவிட்டது, அது இல்லாத ஜெல்கள் கிடைக்கின்றன.

ஒட்டுவதில் இருபக்கமும் ஒட்டும் ஜெல்லி ஸ்டிக்கர், நெயில் க்ளூ என்று இரண்டு வழி. ஸ்டிக்கர் ஒரு நாள் நிற்கும், தண்ணீர் அதிகம் படாவிட்டால் இரண்டு மூன்று நாள். கழற்றினால் அதே செட்டை அவரே மறுபடி போட்டுக்கொள்ளலாம். க்ளூ ஒரு வாரம், நன்றாகப் போட்டால் பத்து நாள்.

இரண்டுக்கும் தயாரிப்பு பெரும்பகுதி ஒன்றுதான். க்யூட்டிகிளைத் தள்ளி, நகத்தின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய செத்த தோலைச் சுரண்டி எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தோல்தான் முதல் நாளே டிப் விழக் காரணம். க்ளூவுக்கு 240 கிரிட் பஃப்பரால் மேலோட்டமாகப் பளபளப்பை எடுங்கள். ஸ்டிக்கருக்கு அது வேண்டாம், வழுவழுப்பான நகத்தில்தான் நன்றாகப் பிடிக்கும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அல்லது அசிட்டோனால் துடைத்து, அப்புறம் விரலால் தொடவே கூடாது. தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு வருகிறவர்களுக்கு ஒரு தடவை துடைத்தால் போதாது, முதலில் சோப்புப் போட்டுக் கழுவி முழுதாகக் காயவிடுங்கள்.

க்ளூவை நகத்தில் மெல்லிய ஒரு கோடு, டிப்பின் உள்ளே ஒரு துளி. அதற்கு மேல் வேண்டாம். க்ளூவில் இருக்கும் எத்தில் சயனோஅக்ரிலேட் ஈரப்பதத்தால் இறுகுவது, மெல்லிய படலமாக இருந்தால்தான் உடனே பிடிக்கும். நிறைய ஊற்றினால் நடுவில் இறுகாமல் நின்று தோலுக்கு வழியும். டிப்பை க்யூட்டிகிள் பக்கத்திலிருந்து 45 டிகிரி சாய்த்து வைத்து, காற்றை முன்னால் தள்ளிக்கொண்டே இறக்கி 30 விநாடி அழுத்துங்கள். உள்ளே காற்றுக்குமிழி நின்றால் அங்கே தண்ணீர் புகும், அடைபட்ட ஈரத்தில் சூடோமோனாஸ் பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகும். வழிந்த க்ளூவைப் பஞ்சால் துடைக்காதீர்கள். பஞ்சில் பட்டால் அது சட்டென்று சூடேறித் தோலைச் சுட்டுவிடும்.

இனி நம் கல்யாணத்துக்கு வருவோம். முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். நடுவில் தூக்கம், தலைக்குக் குளியல். ரிசப்ஷனுக்கு மட்டும் என்றால் ஸ்டிக்கர் போதும், முகூர்த்தம் வரை நிற்க வேண்டும் என்றால் க்ளூதான். எந்த விரலில் க்ளூ வேண்டும் என்பதைச் சடங்குகளே சொல்லிவிடும். குடத்துத் தண்ணீரில் மோதிரம் தேடும் விளையாட்டில் வலது கை முழுக்க மூழ்கி, மாப்பிள்ளை விரல்களோடு மல்லுக்கட்டும். ஸ்டிக்கரில் நிற்கும் கட்டை விரல் டிப் அங்கே கழன்று மோதிரத்துக்குப் பதில் அதுதான் மேலே வரும். மாலை மாற்றும்போது நாரில் மாட்டும், முகூர்த்தப் புடவையின் ஜரிகையிலும் மாட்டும். பொரியிடும்போது நெய்யும் நெருப்பும் அருகில் இருக்கும், டிப் பிளாஸ்டிக், சூட்டில் இளகும், பிடித்தால் எரியவும் செய்யும். விரல் நுனியைத் தாண்டி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளம் கேட்கிற மணப்பெண்ணிடம் இதைச் சொல்லிக் குறைக்க வைப்பது உங்கள் பொறுப்பு.

மருதாணிக்கும் மஞ்சளுக்கும் முறை இருக்கிறது. மருதாணி வைத்து, உதிர்த்து, எண்ணெய் எல்லாம் கழுவிய பிறகுதான் நகம் ஒட்ட வேண்டும். நகத்தில் ஏறிய மருதாணிச் சிவப்பு, வெளிர் நிற டிப்பின் அடியிலிருந்து தெரியும், அதனால் மருதாணி வைக்கும் பெண்ணுக்கு அடர்த்தியான கலர் கொடுங்கள். நலங்கு மஞ்சள் மேட் டாப் கோட்டில் ஏறினால் போகாது. பளபளப்பான டாப் கோட்டில் ஆல்கஹால் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். நலங்குக்கு முன்பே நகம் வேண்டும் என்பவருக்கு மேட் நியூட் கலரை விற்காதீர்கள்.

கழற்றுவதைக் கட்டணத்திலேயே சேர்த்து விற்பது நல்லது. வீட்டில் பிடுங்கினால் நகத்தின் மேல் அடுக்கோடு சேர்ந்து வரும், விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் வளரும், அந்தக் காயம் முழுதாக வெளியேற ஆறு மாதம் ஆகும். அத்தனை மாதமும் உங்கள் பெயர்தான் சொல்லப்படும். ஸ்டிக்கருக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம், ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய், மரக்குச்சியால் பக்கவாட்டில் நெம்பினால் வந்துவிடும். க்ளூ பிடித்ததற்கு அதே ஊறலை அதிக நேரம் கொடுங்கள், அசையாததற்கு அசிட்டோன். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் செய்த டிப் அசிட்டோனில் கரைந்து பசையாகிவிடும், ஆக அந்தச் செட் அதோடு முடிந்தது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒருவர் போட்ட செட்டை வாங்கி அடுத்தவருக்கு வாடகைக்குக் கொடுக்கும் வழக்கம் கல்யாண வட்டாரத்தில் தலைகாட்டுகிறது. அதைச் செய்யவே கூடாது. உள்ளே ஒட்டியிருக்கும் பழைய க்ளூவையும் அதில் சிக்கிய நகத்துகளையும் தேய்த்து எடுத்தாலும் அந்தச் சொரசொரப்பைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்ய முடியாது. மணநாளுக்கு முந்தைய நாள் ஒரு பெண்ணுக்குப் பூஞ்சைத் தொற்றைக் கொடுப்பதற்கு எந்த வாடகையும் ஈடாகாது. நகச்சுத்தி, பூஞ்சை, பிளந்த நகம் உள்ளவர்களுக்கும், முன்பு க்ளூவால் அரிப்பு வந்தவர்களுக்கும் மறுத்துவிடுங்கள். நகம் கடிப்பவர்களுக்குப் போடலாம், ஸ்டிக்கரை நகத்தின் அளவுக்கு வெட்டித்தான் வைக்க வேண்டும், தோலில் பட்டால் நிற்காது.

இந்தச் சேவைக்கு உண்மையான வாடிக்கையாளர், எக்ஸ்டென்ஷன் ஒருபோதும் போட முடியாதவர். மருத்துவமனையில் வேலை செய்யும் செவிலியர், உணவு ஆலையில் நிற்பவர், ஆசிரியை, வீணை வாசிப்பவர். ஞாயிறு கல்யாணத்துக்குப் போட்டு இரவே கழற்றிவிட்டு திங்கள் வேலைக்குப் போக வேண்டியவர்கள். இவர்களால் உங்கள் எக்ஸ்டென்ஷன் வருமானம் ஒரு ரூபாய்கூடக் குறையாது. கல்யாண மேக்கப் ஆர்டிஸ்ட்டுகளோடு சேர்ந்து வேலை செய்தால் ஒரே மணப்பெண்ணின் அக்கா, அத்தை, தோழி என்று மூன்று நான்கு செட் சேர்ந்து வரும்.

அளவெடுத்த அன்றே பாதிப் பணத்தை அட்வான்ஸாக வாங்கிவிடுங்கள். ஒருவர் அளவுக்கு வரைந்த செட் இன்னொருவருக்கு அப்படியே பொருந்துவது அபூர்வம், ரத்தானால் உழைப்பு போச்சு. டப்பாவில் பத்துக்குப் பதில் பன்னிரண்டு டிப் வையுங்கள், கூடுதல் இரண்டும் வலது கட்டை விரலுக்கும் ஆள்காட்டிக்கும். அதோடு ஒரு ஷீட் ஸ்டிக்கர், இரண்டு ஆல்கஹால் துடைப்பான், ஒரு மரக்குச்சி. மணமேடைக்குப் போகும்முன் அந்த டப்பாவை மணப்பெண்ணிடம் கொடுக்காதீர்கள், பக்கத்தில் நிற்கும் தங்கையிடம் கொடுத்து, ஒட்டும் முறையை ஒரு தடவை அவர் கையிலேயே செய்யச் சொல்லிப் பாருங்கள்.