கும்பகோணத்தில் ரேஸ் சைக்கிளை நம்பி விடலாம் என்றால் இந்தக் கடை

கும்பகோணத்திலிருந்து அரசலாற்றைத் தாண்டி சாக்கோட்டை போகும் வழியில் இருக்கிறது கடை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் தொங்கும் பழைய டயர்களும் ஒரு காற்றடிக்கும் பம்பும்தான் அடையாளம். பால்காரர் சைக்கிளும் ஸ்கூல் பிள்ளைகள் சைக்கிளும் நிற்கும் அந்த இடத்தில் கியர் வைத்த என் சைக்கிளை விடுவதற்கு முதலில் தயக்கமாகத்தான் இருந்தது. இப்போது வேறு எங்கேயும் கொண்டு போவதில்லை.

எனக்குப் பொங்கல் முடிந்ததும் அடுத்த சீசன் ஆரம்பம். இந்த வருஷம் கோவா 70.3 என்ற டிரையத்லானுக்குப் பெயர் கொடுக்கப் போகிறேன். 2019-இல் தொடங்கிய போட்டி அது. கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், அப்புறம் 90 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். எனக்குத் தபால் ஆபீசில் வேலை, சனிக்கிழமையும் உண்டு. காலையில் பையனை வேனில் ஏற்றி, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைத்து, எல்லாருக்கும் சாப்பாடு கட்டிவிட்டுத்தான் கவுண்டரில் உட்கார முடியும். அதனால் விடிவதற்கு முன் கிடைக்கும் நேரம்தான் வார நாளில் என்னுடையது. மேட்டூரை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடிவிட்டால் ஆற்றில் தண்ணீர் வடிந்துவிடும். பிறகு நீச்சலுக்குத் தஞ்சாவூர்தான். ஞாயிற்றுக்கிழமை 40 கிலோமீட்டர் சைக்கிளில் போய், குளத்தில் நீந்திவிட்டு, சைக்கிளிலேயே திரும்பினால் ஒரே நாளில் இரண்டு பயிற்சி முடிந்தது. சைக்கிள் கடையில் கிடந்தால் அந்த வாரம் இரண்டும் போச்சு. எனக்கு நல்ல கடை என்றால், சைக்கிளைச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒழுங்காகக் கையில் கொடுக்கிற கடை.

தை, மாசியில் டெல்டா ரோட்டில் சைக்கிள் படும் பாடு ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். சம்பா அறுவடை. ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயும், மீதிப் பாதியில் டிராக்டர் டயரிலிருந்து விழுந்த களிமண். வைக்கோல் பறந்து வந்து பல்சக்கரங்களுக்கு நடுவில் சுற்றிக்கொள்ளும். யாரையும் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டு நெல்லும் அதே ரோட்டில்தான் காய்கிறது. ஆனால் களிமண் தண்ணீரோடு சேர்ந்து சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் போய்விட்டால் சக்கரம் நம் காலைத் தின்னும்.

இந்த வருஷம் பின் சக்கரத்துக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. கடைக்கார அண்ணன் சக்கரத்தைக் கழற்றி, அச்சை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக உருட்டிப் பார்த்தார். “மண்ணு ஏறியிருக்கும்மா. நீங்களே தொட்டுப் பாருங்க, நறநறங்குது” என்று என் விரலை வைக்கச் சொன்னார். உண்மைதான். அச்சில் குண்டுகளைப் பிடித்து நிறுத்தும் கோனைக் கழற்றி, பழைய கிரீஸை டீசலில் கழுவி, பக்கத்துக்கு 9 பேரிங் குண்டு வீதம் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார். ரேஸ் சைக்கிள் என்றாலும் என் பின் ஹப்பில் இருப்பதும் சாதாரண சைக்கிளில் இருக்கும் அதே கால் இஞ்சுக் குண்டுதான். டப்பாவில் எப்போதும் வைத்திருக்கிறார்.

அடுத்து அவர் செய்த காரியம்தான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது. கோனை முழுக்க இறுக்காமல் இம்மியளவு ஆட்டம் விட்டு நிறுத்தினார். ஏன் அண்ணே என்று கேட்டேன். “உங்க சைக்கிள்ல நட்டு இல்ல, லீவர். அதை மூடினா அச்சு அமுங்கும். இப்பவே ஆட்டமில்லாம வச்சா அப்புறம் பிடிச்சுக்கும்” என்றார். மாட்டி லீவரை மூடினார். ஆட்டம் போய்விட்டது. சக்கரத்தை லேசாகத் தள்ளிவிட்டார். அது வெகுநேரம் சுற்றிச் சுற்றி, மெதுவாக வேகம் குறைந்து நின்றது. ஹப் அவ்வளவு லகுவாகிவிட்டது.

கோட்டம் எடுப்பதற்கும் அவரிடம் மெஷின் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, விளிம்புக்குப் பக்கத்தில் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுவார். கோடு விழும் இடத்தில் வளைவு. போக்ஸ் கம்பிகளை நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்பார். பின் சக்கரத்தில் கியர் பக்கத்துக் கம்பிகள் அதிக இறுக்கமாக இருக்கும், அதனால் சத்தம் தூக்கலாகக் கேட்கும். மறுபக்கம் இறங்கிக் கேட்கும். ஒரே பக்கத்துக்குள் சத்தம் மாறினால்தான் விடமாட்டார்.

செயினுக்கு ஒரு இரும்பு ஸ்கேல். சாதாரண சைக்கிளோ கியர் சைக்கிளோ, செயினில் ஒரு ஆணியிலிருந்து அடுத்த ஆணிக்கு அரை இஞ்சு. அகலம்தான் வேறு. புதுச் செயினில் அப்படி 24 இடைவெளி சரியாக 12 இஞ்சு இருக்கும். 1/16 இஞ்சு கூடினால் செயினை மாற்றும் நேரம், 1/8 கூடினால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். என் செயின் 1/16-ஐ இன்னும் தொடவில்லை. “ஆடி வரைக்கும் ஓடும், அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். நான் மாற்றச் சொல்லித்தான் போயிருந்தேன். முன்பு ஒரு பெரிய ஊர் ஷோரூமில் ஸ்கேலும் வைக்காமல் செயின், பல்சக்கரம் எல்லாவற்றுக்கும் பில் போட்டார்கள். அதோடு, சைக்கிள் என்னுடையது என்று சொன்ன பிறகும் விவரமெல்லாம் என் வீட்டுக்காரரைப் பார்த்தே சொன்னார்கள். இங்கேயும் அவர் கூட வந்திருந்தார். அண்ணன் கேட்டதெல்லாம் என்னிடம்தான்: எவ்வளவு தூரம் ஓட்டுறீங்க, எந்த கியர்ல சத்தம் வருது, இறங்கி ஓடும்போது முதுகு பிடிக்குதா. கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றதும் சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார். இப்போது பரவாயில்லை.

இல்லாததையும் சொல்ல வேண்டும். மெல்லிய வால்வு வைத்த ட்யூப் இங்கே கிடைக்காது, பம்புக்கு மாட்டும் மூக்கும் கிடையாது. இரண்டையும் கையோடு கொண்டு போங்கள். எண்ணெய் பிரேக்கைத் தொடமாட்டேன் என்று அவரே சொல்லிவிடுவார். அளந்து இறுக்கும் ஸ்பேனர் இல்லை, அதனால் கார்பன் சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஹேண்டில்பார், சீட் போல்ட் வேலையை இங்கே கொடுக்க வேண்டாம். கியர் சரிசெய்வார், ஆனால் நேரம் எடுக்கும். அதை நான் வீட்டிலேயே செய்துகொள்கிறேன்.

இரண்டு ஹப்பும் பிரித்து, குண்டு மாற்றி, இரண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுத்ததற்கு 550 ரூபாய் வாங்கினார். ஆபீஸ் போகும்போது விட்டேன், சாயங்காலம் பையனோடு போய் எடுத்துக்கொண்டேன். பணம் ரொக்கமாகத்தான் வாங்குகிறார். அறுவடை நடக்கும் வாரங்களில் வயலுக்குப் போய்விடுவார், கடை பூட்டியிருக்கும். முதல் நாளே சொல்லி வைத்தால் இருப்பார்.