தாவீது முதல் எசேக்கியா வரை: ஈரோட்டில் நான்கு ஞாயிறுகள் நடந்த தொல்லியல் வகுப்பு

விவிலியம் கூறும் இஸ்ரவேல் அரசர்களைத் தொல்லியல் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பயிற்றுவிக்கும் வகுப்பொன்று, ஈரோட்டில் ஒரு புத்தகக் கடையின் மாடியில் நான்கு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நடந்தது. கட்டணம் 1,200 ரூபாய். ஞாயிறு பள்ளியில் தாவீது, சாலொமோன் வரலாறுகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அவர்களுள் யாருக்கு மண்ணிலிருந்து சான்று கிடைத்திருக்கிறது என்று அறியும் ஆவல் நெடுநாளாக இருந்ததால், பெருந்துறையிலிருந்து பேருந்தேறி நான்கு வகுப்புக்கும் சென்றுவந்தேன்.

ஆசிரியர் தாவீதில் தொடங்காமல், சான்று உறுதியாக உள்ள பிற்கால இஸ்ரவேல் அரசன் ஆகாபில் தொடங்கினார். இந்த வகுப்பின் முதல் சிறப்பாக நான் கருதுவது இதைத்தான். கி.மு. 853இல் சிரியாவின் கர்க்காரில் நடந்த போரில், அசீரிய மன்னன் மூன்றாம் சல்மனாசாரை எதிர்த்த கூட்டணியில் ஆகாப் 2,000 தேர்களோடும் 10,000 வீரர்களோடும் நின்றதாக அம்மன்னனின் கல்வெட்டு கூறுகிறது. அந்தப் போரைப் பற்றி விவிலியத்தில் ஒரு வரியும் இல்லை. அதே மன்னனின் கருங்கல் தூணில், பின்னர் இஸ்ரவேலை ஆண்ட யெகூ திறை செலுத்தும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. ஆகாபின் தந்தை உம்ரியின் குலத்தை அழித்தவன் யெகூ என்று விவிலியம் கூற, தூணோ அவனை உம்ரியின் மகன் என்றே குறிக்கிறது. அயல்நாட்டு எழுத்தருக்கு அந்நாடு உம்ரியின் பெயராலேயே அறிமுகமாகியிருந்தது என்னும் விளக்கம் எனக்கு நிறைவாக இருந்தது.

தெற்கிலிருந்த யூதா நாட்டின் அரசன் எசேக்கியாவைப் பற்றிய மாலையே நான்கிலும் சிறந்தது. கி.மு. 701இல் யூதாவின் 46 அரணுள்ள நகரங்களைக் கைப்பற்றியதாகவும், எசேக்கியாவை எருசலேமில் கூண்டுப் பறவைபோல் அடைத்ததாகவும் அசீரிய மன்னன் சனகெரிப் எழுதிவைத்தான்; ஆனால் நகரத்தைப் பிடித்ததாக அவன் எங்கும் கூறவில்லை. எசேக்கியா திறையாகக் கொடுத்த பொன் 30 தாலந்து (பழைய எடையளவு) என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகின்றன. வெள்ளியை விவிலியம் 300 தாலந்து என்கிறது, அசீரியர் 800 என்கின்றனர். பகைவர் இருவரின் கணக்குகளை அருகருகே வைத்துப் படிக்கக் கற்றுக்கொண்டதற்கே நான் கொடுத்த கட்டணம் தகும்.

தாவீதுக்கு அவர் காலத்துக் கல்வெட்டு எதுவும் இல்லை. 1993இல் வட இஸ்ரேலின் தெல் தான் அகழாய்வில், பிற்காலச் சுவர் ஒன்றில் கட்டுக்கல்லாகப் பயன்பட்டிருந்த அரமேயக் கல்வெட்டுத் துண்டில் ‘தாவீதின் வீடு’ என்ற தொடர் கிடைத்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கடந்த பின்னரும் யூதாவின் அரசகுலம் அவர் பெயரால் அழைக்கப்பட்டது என்பதற்கு அது சான்று. அவருடைய அரசின் பரப்பை அது கூறாது என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை.

குறை சாலொமோன் வகுப்பில்தான் நேர்ந்தது. ஆத்சோர், மெகிதோ, கேசேர் நகரவாயில்களை அவர் காலத்தவை என்ற தொல்லியலாளர் யாதினின் கருத்தை மட்டும் விளக்கிவிட்டு, மெகிதோவின் கட்டடங்களைக் கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டுக்குத் தள்ளும் மற்றொரு தொல்லியலாளர் பிங்கெல்ஸ்டைனின் மறுப்பை இரண்டு நிமிடங்களில் முடித்துவிட்டனர். இன்றும் ஓயாத விவாதத்தை இவ்வாறு சுருக்கியிருக்கக் கூடாது. வழங்கிய நகல்களில் கல்வெட்டுப் படங்கள் கறுத்துப்போய் எழுத்தே தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கடைசி ஞாயிறு காலையில் புகளூருக்கு அருகிலுள்ள ஆறுநாட்டார் மலைக்கு அழைத்துச் சென்றனர். ஆதன் செல்லிரும்பொறை, அவர் மகன் பெருங்கடுங்கோ, அவர் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறைச் சேரரைக் கூறும் அந்தத் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டின் முன் நின்றபோது, பதிற்றுப்பத்தின் அரசர்களோடு இவர்களை அறிஞர்கள் எவ்வாறு பொருத்துகின்றனர் என்பதையும், இரண்டிலும் பெயர்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்துவராததையும் விளக்கினார்கள். ஓர் அரசனைக் கல் ஒரு விதமாகவும் நூல் வேறு விதமாகவும் குறிக்கலாம் என்று காட்டிய யெகூவின் கருங்கல் தூண் அப்போதுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது.

அடுத்த முறை இந்த மலைப் பயணத்தை முதல் வாரத்திலேயே வைக்கும்படி அமைப்பாளர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சேர விரும்புவோர் விவிலியத்தின் சாமுவேல், இராஜாக்கள் ஆகமங்களை ஒருமுறை வாசித்துவிட்டுச் செல்வது நல்லது.