ஆன்சல் ஆடம்ஸ் தன்வரலாறு: குன்னூருக்கு வந்த முதல் பதிப்பு

குன்னூர்ப் பழைய புத்தகக் கடையொன்றில் இப்போது விலைக்கு இருப்பது, கறுப்பு வெள்ளை நிலக்காட்சிப் படங்களுக்குப் பேர்போன அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸின் தன்வரலாறு. 1985 பாஸ்டன் பதிப்பு, கெட்டி அட்டை. ‘ஆசிரியர் கையெழுத்திட்ட பிரதி’ என்று எங்காவது கூடுதல் விலை சொன்னால் நம்பாதீர்கள். ஆடம்ஸ் 1984 ஏப்ரலிலேயே இறந்துவிட்டார். மேரி ஸ்ட்ரீட் ஆலிண்டர் துணையோடு எழுதிய இந்த நூல் மறுவருடம்தான் அச்சாகி வந்தது.

மேலுறை கிழியவில்லை, முதுகு மட்டும் லேசாக வெளுத்திருக்கிறது. உள்மடிப்பில் விலை அச்சிட்ட மூலையை யாரோ கத்தரித்திருக்கிறார்கள். சேகரிப்பாளர்கள் இதற்கே பேரம் பேசுவார்கள், நீங்களும் பேசலாம்.

மலையில் பெரிய எதிரி ஈரம். படப் புத்தகங்களின் வழவழப்புத் தாளில் களிமண் பூச்சு உண்டு. நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படமும் சேர்ந்து உரியும். அதனால் நடுப்பக்கங்களை மெதுவாகப் புரட்டுங்கள். சரசரவென்று ஒட்டுப் பிரிகிற சத்தம் கேட்டால் கீழே வைத்துவிடுங்கள். இந்தப் பிரதியில் சத்தமில்லை. கீழ் ஓரத்தில் கடுகளவு பழுப்புப் புள்ளிகள் ஏழெட்டு, படங்களைத் தொடவில்லை.

வாங்கினால் மேலுறைக்குப் பாலியெஸ்டர் உறை போடுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அலமாரி வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளியிருக்கட்டும். கணப்புக்குப் பக்கத்தில் வைத்தால் அட்டை வில்லாக வளையும்.

1927இல் அமெரிக்காவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் என்ற பாறைமலை முன்னால் ஆடம்ஸிடம் மிஞ்சியவை, படம் பதியும் கண்ணாடித் தகடுகள் இரண்டே இரண்டு. ஒன்றை மஞ்சள் ஃபில்டரிலும் மற்றதைச் சிவப்பிலும் எடுத்தார். சிவப்பில்தான் வானம் கறுத்தது. நீலகிரியின் அவலாஞ்சியில் கேமராவோடு திரிகிறவர்களுக்கு இது பாடம். ஆனால் படிக்க மட்டுமென்றால் மெல்லட்டைப் பதிப்பே போதும்.