மூக்கடைப்புக்கு ஆவி பிடிப்பதா, உப்புநீரில் கழுவுவதா?

மகரந்தம் பறக்கும் பருவத்தில் தும்மலோடு எழுந்திருப்பவர்கள் பலர் இந்த இரண்டில் எது என்றுதான் தடுமாறுகிறார்கள்.

செலவு: இரண்டுக்கும் பெரிதாக இல்லை.

பலன்: ஆவி அடைப்பை இளக்கும், கொஞ்ச நேரத்தில் பழையபடி அடைத்துக்கொள்ளும். உப்புநீரோ உள்ளே ஒட்டிய மகரந்தத்தையே கழுவி வெளியேற்றும். ஒவ்வாமைக்கு இதுவே மேல் என்பேன்.

பழக்கம்: ஆவிக்குப் பயிற்சி வேண்டாம். கழுவுவது முதலில் சங்கடம்தான். குனிந்து தலையைச் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மேல்பக்க நாசியில் மெல்ல ஊற்றினால் மற்றதன் வழியே வடியும். 240 மில்லி தண்ணீருக்கு அரை தேக்கரண்டி அயோடின் சேர்க்காத உப்பு. வெறும் தண்ணீர் என்றால் எரியும்.

ஆபத்து: கொதிநீர் கவிழ்ந்தால் உடம்பு வெந்துவிடும், குழந்தைகளுக்கு ஆவி வேண்டவே வேண்டாம். கழுவ, குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்காதீர்கள். மூக்கு வழியாக மூளைக்குப் போகும் நெக்லேரியா அமீபா அதில் இருக்கலாம். கொதிக்கவைத்து ஆறியதுதான் சரி.

தினமும் தும்மல், ஒழுகல் என்றால் உப்புநீர். தூங்கும் முன் கொஞ்சம் இதம் போதும் என்றால் ஆவி. மூச்சிரைப்பு வந்தால் இரண்டையும் விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.