/ஹோம் வேறு பார்ட்டிஷனுக்குப் போகட்டும்: நேரடி மவுன்ட்டா, சிம்லிங்கா, யூசர்மாடா?

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். மூலையில் ஒரு லினக்ஸ் சர்வர். சிஸ்டமும், கணக்குப் பிரிவு, எடைமேடை, லேப் ஆட்களின் ஹோம் டைரக்டரிகளும் (/ஹோமுக்குக் கீழே ஒவ்வொருவரின் சொந்த ஃபைல்களும் இருக்கும் இடம்) ஒரே 120 ஜிபி எஸ்எஸ்டியில். பெங்களூரா மாங்காய் லாரிகள் வாசலில் வரிசை கட்டும் நேரம் பார்த்து டிஸ்க் நிரம்புகிறது. சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் நிரம்பினால் ஃபைல் சேமிக்க முடியாததோடு விஷயம் முடியாது. லாக் எழுத முடியாது, டேட்டாபேஸ் நின்றுபோகும், சில நேரம் லாகினே ஆகாது. சரி, 2 டிபி டிஸ்க் வாங்கி மாட்டியாயிற்று. ஹோம்களை அங்கே எப்படிக் கொண்டுபோவது?

புதிய டிஸ்க்கின் பார்ட்டிஷனை /ஹோம் மீதே மவுன்ட் செய்யலாம், அதாவது அந்தப் பாதையிலேயே இணைக்கலாம். அதை /டேட்டா என்று மவுன்ட் செய்து, /ஹோமை அங்கே சுட்டும் சிம்லிங்க் (வேறு பாதையைக் காட்டும் குறிப்பு) ஆக்கலாம். சிம்லிங்குக்குப் பதிலாக பைண்ட் மவுன்ட் போடலாம், அதாவது /டேட்டாவில் உள்ள ஒரு டைரக்டரியையே /ஹோம் மீது மவுன்ட் செய்யலாம். இல்லை, பயனர் கணக்கைத் திருத்தும் யூசர்மாட் கட்டளையால் ஒவ்வொரு பயனரின் ஹோம் பாதையையும் தனித்தனியாக மாற்றலாம். என் ஓட்டு முதலாவதற்குத்தான். வீடு மாறினாலும் கதவு எண் மாறக் கூடாது. பயனர் விவரம் உள்ள பாஸ்வேர்டு ஃபைலில் மட்டும் ஹோமின் பாதை இருந்தால் கவலையில்லை. குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள், பைத்தானின் விர்ச்சுவல் என்விரான்மென்ட், டெஸ்க்டாப் அமைப்புகள் என்று எங்கெங்கோ முழுப் பாதை எழுதப்பட்டுக் கிடக்கும்.

சிம்லிங்க் ஐந்து நிமிட வேலை, அதனால்தான் பலரும் அதில் கை வைக்கிறார்கள். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்திலும் பல காலம் /ஹோம் என்பது /யூஎஸ்ஆர்/ஹோமுக்கான சிம்லிங்க்தான், 14.0 பதிப்பில்தான் /ஹோம் நேரடி இடமானது. ஆனால் லினக்ஸ் சர்வரில் எனக்கு இதில் பெரிய பயம் பேக்கப். ஃபைல்களை ஒரே பொதியாகக் கட்டும் டார் கட்டளையிடம் /ஹோம் என்று கொடுத்தால் அது சிம்லிங்கை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் ஃபைல்களை எடுக்காது. தினமும் பேக்கப் ஓடும், பிழை எதுவும் வராது, மீட்கும் நாளில் உள்ளே ஒன்றும் இருக்காது. உபுண்டுவில் எந்த நிரல் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஆப்ஆர்மர் உண்மையான பாதையைத்தான் பார்க்கும், அதனால் ஸ்னாப் பொதிகளாக நிறுவிய செயலிகளும் தகராறு செய்யும். ஒவ்வொரு ஃபைலுக்கும் பாதுகாப்பு லேபிள் ஒட்டும் எஸ்இலினக்ஸ் உள்ள ஃபெடோரா வகையில் /டேட்டாவுக்குக் கீழே லேபிள் பொருந்தாமல் எஸ்எஸ்ஹெச் சாவி மறுக்கப்படலாம்.

பைண்ட் மவுன்ட் இதைவிட மேல். மற்ற நிரல்களுக்கு அது நிஜமான டைரக்டரியாகவே தெரியும். அதே டிஸ்க்கில் டேட்டாபேஸையும் வைக்க வேண்டும், ஹோமுக்கென்று தனிப் பார்ட்டிஷன் பிரிக்க மனமில்லை என்றால் இதுதான் சரி.

யூசர்மாட் ஒரே ஒருவரின் ஹோம் மட்டும் பருத்துக் கிடக்கும்போது உதவும். அவருடைய புராசஸ் ஓடிக்கொண்டிருந்தால் கட்டளை மறுத்துவிடும். பாதை மாறுவதால் மேலே சொன்ன சிக்கல்களும் கூடவே வரும்.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே வால்யூமாக்க விடும் எல்விஎம்மில் நிறுவிய சர்வர் என்றால் புது டிஸ்க்கைச் சேர்த்து வால்யூமை நீட்டத் தோன்றும். எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து ஒரே வால்யூம் ஆனால், இரண்டில் எது போனாலும் அந்த ஃபைல் சிஸ்டம் போச்சு. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நேரடி மவுன்ட்டில் கவனம் வேண்டிய இடம் நகல் எடுப்பதுதான். எல்லாரும் லாகவுட் ஆகியிருக்க வேண்டும். ரூட் என்ற நிர்வாகி கணக்கில் நேரடியாக நுழையுங்கள். ரூட்டின் ஹோம் /ரூட்டில் இருப்பதால் காலடி மண் நகராது. உங்கள் கணக்கில் நுழைந்து சுடோ மூலம் நிர்வாகி உரிமை வாங்கினால் உங்கள் ஹோமே நகரும் ஹோம்களில் ஒன்றாக இருக்கும். புது பார்ட்டிஷனைத் தற்காலிகமாக /எம்என்டியில் மாட்டி, நகலெடுக்கும் கட்டளையான ஆர்சிங்க் ஓட்டுங்கள். ஆப்ஷனில் சின்ன ஏ மட்டும் போதாது, பெரிய ஹெச், பெரிய ஏ, பெரிய எக்ஸ் மூன்றும் சேர்த்தால்தான் ஹார்டு லிங்க், ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்), கூடுதல் ஆட்ரிபியூட் எல்லாம் வந்து சேரும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி அதே கட்டளையை ஓட்டினால் போதும், நகலான ஃபைல்களை அது மீண்டும் எடுக்காது.

அப்புறம் பழைய /ஹோமுக்கு வேறு பெயர் கொடுத்து, காலியான புது /ஹோம் உண்டாக்கி, பூட்டின்போது எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டாப் ஃபைலில் யூயுஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) கொண்டு வரி எழுதுங்கள். எஸ்டிபி1 போன்ற பெயர் டிஸ்க்கை மாற்றி மாட்டினால் மாறிவிடும், யூயுஐடி மாறாது. ரீபூட்டுக்கு முன்னால் மவுன்ட் கட்டளையைச் சின்ன ஏ ஆப்ஷனோடு ஓட்டிச் சோதித்தே ஆக வேண்டும். எஸ்இலினக்ஸ் இருந்தால் லேபிள்களைச் சரிசெய்யும் ரெஸ்டோர்கான் ஒருமுறை.

எஃப்எஸ்டாப் வரியில் நோஃபெயில் ஆப்ஷன் போடலாமா என்று கேட்பார்கள். போட்டால் டிஸ்க் கிடைக்காவிட்டாலும் சர்வர் எழும், ஆனால் காலி /ஹோமோடு எழும். அதற்குள் ஏதாவது நிரல் எழுதினால் அது எஸ்எஸ்டியில் போய் விழும், டிஸ்க் திரும்ப மவுன்ட் ஆனதும் அதன் அடியில் மறைந்துவிடும். போடாவிட்டால் எமர்ஜென்சி மோடில் நிற்கும், ஓசூரிலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் பார்ப்பவர் நேரில் வர வேண்டும். நான் போடாமல் விடுவேன்; எடைச்சீட்டு காணாமல் போவதைவிட சர்வர் நிற்பது தேவலை. நேரில் வர ஆளே இல்லை, போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், மவுன்ட் செய்யும் முன் அந்தக் காலி டைரக்டரிக்கு சிஏட்டர் கட்டளையால் பிளஸ் ஐ (மாற்ற முடியாதது என்ற குறி) கொடுத்துவிடுங்கள். டிஸ்க் இல்லாதபோது அதில் யாரும் எழுத முடியாது.

பெயர் மாற்றி வைத்த பழைய ஹோமை உடனே அழிக்காதீர்கள். எல்லாரும் லாகின் செய்து வேலை பார்த்து, பேக்கப் ஒன்றைத் திறந்து உள்ளே ஃபைல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு அழித்துக்கொள்ளலாம். இவ்வளவையும் மாங்காய் லாரிகள் வரிசை கட்டும் முன், மே மாதம் பிறப்பதற்குள் முடித்துவிடுங்கள்.